சிரட்டை மூழ்கும் நேரம்

சிப்பித்துறையில் பாய்மரப் போட்டி நடக்கும்போது எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பாது. குட்டைப் படகு முதலில் போகும். நெட்டைப் படகு கரையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்று சொல்ல, மணலில் ஒரு பானைத் தண்ணீரும் அடியில் ஊசித்துளை போட்ட தேங்காய்ச் சிரட்டையும் உண்டு. சிரட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அது மெல்ல நிறைந்து மூழ்கும். இந்தப் படகு இரண்டு சிரட்டை முந்திப் போகலாம், அந்தப் படகு ஒரு சிரட்டை முந்திப் போகலாம் என்று விடுவதற்கு ஈடு என்று பெயர்.

ஈடு வைப்பவள் வியாகுலம். அவள் வைத்த ஈட்டைக் கோயில் மணியோசையைப்போல எல்லோரும் காதில் வாங்கிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். மணியோடு யாரும் வழக்காடுவதில்லை.

சூசை அவளைவிட மூத்தவன். அந்தக் கடலில் அவனைப்போலச் சுக்கான் பிடித்தவன் இல்லை என்று பேர் வாங்கியவன். ஒரு மழைக்காலத்தில் தோள்பட்டை நழுவியது. பிறகு அது சரியாக உட்காரவே இல்லை. படகைத் தம்பி கபிரியேலிடம் கொடுத்துவிட்டு வியாகுலத்திடம் வந்தான்.

"தாயி, எனக்கு ஈடு வைக்கக் கத்துக்குடு."

"எதுக்கு அண்ணே?"

"சுக்கான் போயிருச்சு. கடலை விட முடியல."

அவள் அவன் சரிந்த தோளைப் பார்த்தாள்.

"சரி. வர்ற திருவிழாவுக்கு நீங்களே வையுங்க."

"நான் இன்னும் ஒண்ணும் கத்துக்கலையே!"

"திருவிழாவும் இன்னும் வரலையே."

செய்தி கரையில் பரவியது. துறையிலேயே நீளமான படகு தொம்மையுடையது; நாக்கும் அப்படியே. அவன் நடுக்கரையில் நின்று சொன்னான்: "சூசை வைக்கட்டும், வேண்டாங்கல. ஆனா கோணலா வெச்சா, நெட்டைப் படகுக்காரங்க நாங்க அடுத்த துறையில தனியாப் போட்டி வெச்சுக்குவோம். குட்டைங்க இங்க கிடந்து குளத்துல காகிதக் கப்பல் விடட்டும்."

மற்ற நெட்டைப் படகுக்காரர்கள் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து சூசைக்குச் சோறு இறங்கவில்லை. முந்த ஒரு நெட்டையும் இல்லாவிட்டால் குட்டைக்கு என்ன போட்டி? தன் கையால் ஒரு துறை இரண்டாகிவிடுமோ என்று பயந்தான்.

முதலில் கயிறெடுத்து நீளம் அளந்தான். நீளம் குறையக் குறைய ஈடு கூடும் என்றான். மறுவாரமே தொம்மை தன் படகின் முன்மூக்கை வாளால் அறுத்துவிட்டான். மூக்கறுந்த படகைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏலே தொம்மை, என்ன கோலம்லே இது?"

"அண்ணன் கேட்ட நீளம்லே இது!"

சூசை நீளத்தை விட்டான். பாயை அளந்தான். அளக்கிற நாளில் எல்லோரும் பாயை ராத்திரியெல்லாம் ஊறவைத்துச் சுருக்கிக் கொண்டுவந்தார்கள். பொடியன் சட்டைபோலச் சுருங்கிய பாய்கள் கடலுக்குப் போய்க் காற்றைக் குடித்ததும் பழையபடி விரிந்துகொண்டன.

பாயையும் விட்டான். "யார் எப்படி ஓடுறாங்கன்னு பாத்து வைக்கிறேன். எல்லாரும் ஒருநாள் ஓடிக் காட்டுங்க" என்றான். அன்று கடலில் சவ ஊர்வலம் நடந்தது. ஒருவன் பாயைத் தளர்த்திவிட்டு மல்லாந்து பாட்டுப் பாடினான். ஒருவன் படகுக்கடியில் மீன்கூடையைக் கட்டி இழுத்துவந்தான். கடைசியாக வருவதற்கு அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள்.

சூசை வியாகுலத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"யாராலயும் ஏய்க்க முடியாத விதின்னு ஒண்ணு இல்லையா தாயி?"

"இருக்கு அண்ணே. கடல்ல ஒரு படகும் இல்லாத நாள்ல அது நல்லா செல்லும்."

"கேலி பண்ணாத. நான் எதை அளக்கணும்? அதச் சொல்லு."

அவள் எழுந்து கரைக்கு நடந்தாள். அங்கே சந்தியாகு தன் சிறு படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். வியாகுலம் சூசையின் நல்ல தோளில் கைவைத்துப் படகுப் பக்கம் தள்ளினாள்.

"ஏறுங்க."

"எதுக்கு?"

"இத்தனை நாளும் வெளிய நின்னு பாத்தீங்க. கொஞ்சம் உள்ள உக்காருங்க."

சூசை ஏறினான். சந்தியாகுவின் படகில் பாய்க்கயிறு பிடித்த நேரத்தைவிடத் தண்ணீர் இறைத்த நேரமே அதிகம். வேறொரு நாள் தொம்மையின் படகில் போனான். காற்றடித்தால் அது பறந்தது. காற்று இளைத்தால் நிறைமாதக்காரியைப்போல மூச்சு வாங்கியது. இப்படி ஒவ்வொன்றிலும் போனான். எந்தப் படகு எந்த அலைக்கு முனகும் என்று அவன் முதுகெலும்புக்குத் தெரிந்துவிட்டது. கபிரியேலின் படகில் மட்டும் ஏறவில்லை. ஆண்டுக்கணக்கில் தான் ஓட்டிய படகுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

திருவிழாக் காலை. பூசை முடிந்து ஊர் முழுவதும் மணலில் நின்றது. தெற்கிலிருந்து நல்ல காற்று. பானையின் அருகில் வியாகுலம் குந்தியிருந்தாள். சூசை எழுந்து நின்று ஈட்டைச் சொன்னான். சந்தியாகுவுக்கு மூன்று சிரட்டை. கபிரியேலுக்கு ஒன்று. அப்படியே மற்றவர்களுக்கும் சொல்லி, கடைசியில் "தொம்மைக்கு ஒண்ணும் கிடையாது" என்று முடித்தான்.

"மூணா?" தொம்மை கத்தினான். "அந்த ஓட்டைக்கு மூணு சிரட்டையா? மூணு சிரட்டைல நான் கல்யாணம் முடிச்சு, பிள்ளையும் பெத்துருவேனே!"

கரை சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. அந்தத் துறைக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு படகுக்கு வைத்த ஈடு அதிகம் என்று சொல்பவன், அந்த ஈட்டோடு அந்தப் படகை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் போட்டிக்குத் தன் படகை அந்தப் படகுக்காரனிடம் கொடுத்துவிட வேண்டும். யாரும் அதுவரை எடுத்ததில்லை.

"அப்ப வழக்கப்படி நீ அதுல ஏறிக்க தொம்மை" என்றான் சூசை. "உன் படகைச் சந்தியாகுட்டக் குடு."

தொம்மை சந்தியாகுவின் படகை எட்டிப் பார்த்தான். அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சந்தியாகு இறைக்கும் டப்பாவை மரியாதையாக அவன் பக்கம் நீட்டினான்.

"மூணே இருக்கட்டும்" என்றான் தொம்மை.

இந்த முறை சூசையும் சிரித்தான். வேறு யாரும் ஈட்டை மறுக்கவில்லை. கபிரியேல் மட்டும் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான். அண்ணன் வைத்ததை எதிர்த்துப் பேச அவன் பழகியதில்லை.

சூசை நிமிர்ந்த நெஞ்சோடு பானையருகே வந்தான். "என்ன தாயி, சரிதானே?"

வியாகுலம் சிரட்டையின் துளையை ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க ஓடணும்னா எதுல ஏறுவீங்க அண்ணே?"

சூசை படகுகளைப் பார்த்தான். "சந்தியாகு படகுல ஏறுவேன். மூணு சிரட்டைக்கு அது போதும். அந்தப் பச்சைப் படகுலயும் ஏறுவேன். தொம்மை படகுலயும் ஏறலாம், இன்னைக்குக் காத்து இருக்கு. எதுல வேணும்னாலும் ஏறுவேன்."

"எதுலயும்?"

"எதுலயும்."

"கபிரியேல் படகை நீங்க பாக்கவே இல்லையே."

அவன் பார்த்தான். நீலச் சாயம் உரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கரையில் நிற்கும்போதே களைத்துப்போயிருந்தது.

"அதுலயும்தான்..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"சொல்லுங்க. உங்க கை வேண்டாம். உங்க பேரும் வேண்டாம். ஒரு சிரட்டை, அந்த மரம். ஏறுவீங்களா?"

சூசை தோளைத் தடவினான். அந்தப் படகின் சுக்கானை எத்தனை நாள் மார்போடு அணைத்து இழுத்திருப்பான்! விட்டால் இடதுபக்கம் ஓடும். அலை ஏறும்போது உட்கார்ந்துகொள்ளும். வயிறு ஊறிப்போன மரம். அதை வைத்துக்கொண்டுதான் அவன் பேர் வாங்கினான்.

"அது சோம்பேறிப் படகு தாயி" என்றான் கடைசியில். "நாந்தான் ஓடினேன். அது ஓடல."

"அப்ப யாருக்கு ஒரு சிரட்டை வெச்சீங்க?"

அவன் தலை தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்து கரையின் நடுவே போனான். எல்லோரும் படகைத் தள்ளத் தயாராக நின்றார்கள்.

"நில்லுங்க! நான் தப்பா வெச்சுட்டேன். கபிரியேலுக்கு ஒண்ணு இல்ல. ரெண்டு."

கரை கொதித்தது.

"பாத்தீங்களா! தம்பிக்குப் பந்தி வைக்கிறான்!"

"ஒரே வயித்துல பொறந்தது சும்மா போகுமா?"

கபிரியேல் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தான். "எனக்கு வேண்டாம் அண்ணே. ஒண்ணே போதும். ஊர் வாயில விழாத."

"உனக்கு வைக்கல. படகுக்கு வெச்சேன். தள்ளி நில்லு."

தொம்மை இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "இதுக்கு நெட்டைங்க நாங்க ஒத்துக்க முடியாது. இந்தப் படகு நம்ம எல்லாரையும் எத்தனை தடவை முந்திருக்கு! இதுக்கு ரெண்டா?"

சூசை பின்வாங்கவில்லை. குரலும் உயரவில்லை.

"அப்ப நீ ஏறு தொம்மை."

"என்ன?"

"ரெண்டு சிரட்டையோட ஏறு. என் தம்பி உன் படகுல வருவான். ஏறுறியா?"

தொம்மை நீலப் படகைப் பார்த்தான். அது முதலாவதாகக் கரை தொட்ட நாட்கள் அவன் கண்ணில் வந்துபோயின. முண்டாசை இறுக்கினான்.

"ஏறுறேன்லே!"

தொம்மையின் ஆட்கள் நீலப் படகில் ஏறினார்கள். கபிரியேலின் ஆட்கள் நெட்டைப் படகின் பக்கம் தயங்கித் தயங்கிப் போனார்கள். வியாகுலம் சிரட்டையைத் தண்ணீரில் வைத்தாள். சந்தியாகு முதலில் போனான். சிரட்டை மூழ்க மூழ்க மற்றவர்கள் போனார்கள். நீலப் படகு போயிற்று. எல்லோருக்கும் கடைசியில் நெட்டைப் படகின் பாய் விரிந்தது.

தூரத்து மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். திட்டருகே பாய்கள் ஒன்றோடொன்று கலந்தன. எது யாருடையது என்று கரைக்குத் தெரியவில்லை. சூசை தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்றான். நீலப் படகு வெகுதூரம் முந்தி வந்தால் அவன் தொலைந்தான். வெகுதூரம் பிந்தினாலும் தொலைந்தான்.

திரும்பும்போது நீலம் முன்னால் இருந்தது. நெட்டை துரத்தியது. சந்தியாகு டப்பாவும் கையுமாக இருவருக்கும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். கரையிலிருந்த பிள்ளைகள் அவன் பேரைச் சொல்லிக் குதித்தார்கள். கரை நெருங்க நெருங்க மூன்று பாயும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. நெட்டைப் படகு ஒரு முழம் முந்தி மணலைத் தொட்டது. பின்னாலேயே நீலம். அதன் விலாவை உரசிக்கொண்டு சந்தியாகு.

"ஜெயிச்சது என் படகுதாம்லே!" என்று தொம்மை தண்ணீரில் குதித்தான்.

"ஓட்டினது யாரு மாமா?" என்றான் கபிரியேல்.

"நீ ஓட்டினியா? அதுவா ஓடிச்சுலே! நான் திட்டுல கொஞ்சம் முந்தித் திரும்பிருந்தா உன் கதை முடிஞ்சிருக்கும்."

"முந்தித் திரும்பிருந்தா தரை தட்டிருப்பீரு."

"அந்தச் சனியன் இடதுபக்கம் இழுக்குதுலே! தோள் போயிருச்சு. இதையா உன் அண்ணன் இத்தனை வருசம் கட்டி இழுத்தான்!"

"எனக்குத் தண்ணி இறைக்க ஒருத்தன் வந்திருந்தா ரெண்டு பேரும் என் பின்னாலதான்" என்றான் சந்தியாகு.

பேசிக்கொண்டே தோளில் கைபோட்டு மூவரும் பந்திக்குப் போனார்கள். நெட்டைப் படகுக்காரர்கள் அடுத்த வருடம் திட்டை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். அடுத்த துறையின் பேரை யாரும் எடுக்கவில்லை. கரை காலியாயிற்று.

சூசை பானையருகே வந்து நின்றான். வியாகுலம் தண்ணீரை மணலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது தாயி."

"ம்."

"ஆனா ஒருத்தன்கூட ஈட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. காத்தைப் பேசுறான், கயித்தைப் பேசுறான். எம் பக்கம் ஒருத்தன் திரும்பிக்கூடப் பாக்கல. நல்லா வெச்சேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வியாகுலம் சிரட்டையைத் துடைத்து அவன் கையில் வைத்தாள்.

"நான் வெச்ச ஈட்டுல நீங்க எத்தனை திருவிழா ஓடுனீங்க அண்ணே. ஒரு நாளாவது எம் பக்கம் திரும்பிப் பாத்தீங்களா?"