பிரியாத பொட்டலம்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று, சீடருக்கு நாற்பத்தெட்டு. அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார்.

சீடர் தேவசகாயம் மாட்டு டாக்டராக இருந்தவர். மகள் ஜெபாவுக்குக் கல்லீரலில் ஒரு மரபணு பிறவியிலேயே பழுது. நல்ல மரபணுவைக் கொழுப்புத் துகளில் பொதிந்து கல்லீரல் உயிரணுவுக்குள் அனுப்பலாம் என்று கேள்விப்பட்டதும், வேலையை உதறிவிட்டு ஷாகிரா மேடத்திடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார்.

துகள்கள் போகத்தான் செய்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சிவப்புச் சாயமேற்றிய துகள்கள் தெரிந்தன. மரபணு வேலை செய்தால் வர வேண்டிய பச்சை ஒளியை மட்டும் காணோம். தேவசகாயத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"வழியிலயே மரபணு சிதைஞ்சிடுதோ மேடம்?"

"அப்படியா நினைக்கிறீங்க?"

"வேற என்ன இருக்க முடியும்? உறையை இன்னும் கெட்டியாக்கறேன்."

கெட்டியாக்கினார். பச்சை வரவில்லை. இன்னும் கெட்டியாக்கினார். அப்போதும் வரவில்லை. பெற்ற மனசு அல்லவா, காவல் போதவில்லை என்றுதான் அதற்குத் தோன்றும்.

ஒரு மதியம் மேடத்தின் அறைக்கு வந்து நின்றார். ஜெபாவுக்கு மறுபடியும் கண் மஞ்சளாகியிருந்தது.

"உள்ள போயிருக்கு மேடம். என் கண்ணால பார்க்கறேன். அப்புறம் ஏன் ஒண்ணுமே நடக்கல?" பயமாக இருந்தது அவருக்கு.

"முதல்ல சாப்பிடுங்க சார்."

மேசையில் விரித்திருந்த இலையில் சோற்றிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்தில் ஓட்டல் பார்சல் சாம்பார். கடைக்காரர் சுற்றிய நூலுக்கு மேல், பையின் கழுத்தில் இன்னும் அரைக் கண்டு நூல் ஏறியிருந்தது.

தேவசகாயம் நகத்தால் நெருடினார். பல்லால் கடித்தார். மேசையிலிருந்த கத்தரிக்கோலை மேடம் எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். விளையாடுகிறாரா, கோபமா என்று இவருக்கு விளங்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"யாரு மேடம் இப்படிக் கட்டினது?"

"நான்தான். வழியில சிந்திடக் கூடாதுல்ல?"

பசியும் எரிச்சலும் சேர்ந்துகொண்டன. "இலை வரைக்கும் வந்து என்ன பிரயோசனம்? சோத்துல விழ மாட்டேங்குதே!"

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து நூல்கண்டை வெளியே எடுத்தார்.

"இன்னும் நாலு சுத்து சுத்திப் பார்க்கலாமா சார்?"