ஜனவரியைப் பூஜ்ஜியம் என்றவள்

ஒரு கணினி மொழிக்குள் ஓர் ஊர் இருந்தது. ஊர் கொள்ளாத கருவிகள். ஆளாளுக்கு ஒன்று செய்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தேதி சொல்லும் கருவிகளே ஒரு தெரு நிறைய! புதிதாக நிரல் எழுத உட்கார்ந்தவர்கள் எதை எடுப்பதென்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஊரின் பொதுக்கிடங்கே வாய் திறந்தது. "போதும்டா சாமி! இனி ஒரு வேலைக்கு ஒரே கருவிதான் எனக்குள் இருக்கும். மொழி போகிற இடமெல்லாம் அதுவும் போகும். மற்றவர்கள் வெளியே பிழைத்துக்கொள்ளுங்கள்."

ஊரே பரபரத்தது. நாளோடிக்கு மட்டும் கவலையே இல்லை. தேதிக் கருவிகளில் அவள்தான் மூத்தவள். லீப் வருடக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு பழக்கம், மாதங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவாள். ஜனவரி பூஜ்ஜியம், பிப்ரவரி ஒன்று. அவளை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்கள், அவள் சொன்னதோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் காலம் தள்ளின.

போட்டிக்கு நின்றவள் பொழுதி. நேற்று வந்தவள். ஜனவரியை ஒன்று என்பாள். ஆனால் லீப் வருடம் என்றால் உதறல்தான்.

இருவரில் யாருக்கு இடம் என்று சோதிக்க, கேள்வியோடு வந்தான் மணியன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளை அம்மாக்களுக்கு நினைவூட்டும் புது நிரல் அவன்.

"இது லீப் வருடம். ஜனவரி முப்பதில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டாச்சு. முப்பது நாள் கழித்து அடுத்தது. என்றைக்கு?"

"மாதம் ஒன்று, தேதி இருபத்தொன்பது!" நாளோடி பளிச்சென்று சொன்னாள்.

"ஜனவரி இருபத்தொன்பதா? அது போயே போச்சே! அப்ப நான் மணி அடிக்கவே வேண்டாம்," என்றான் மணியன்.

பொழுதி தயங்கித் தயங்கி, "மாதம் மூன்று, தேதி ஒன்று" என்றாள்.

"ஒருநாள் பிந்தினாலும் இவள் தேவலை!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

நாளோடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட மடையா! நான் சொன்னது பிப்ரவரிடா. ஒன்றைக் கூட்டத் தெரியாதா?"

"கூட்டணும்னு எனக்கு யார் அக்கா சொன்னா? அந்தக் குழந்தைக்கு ஊசி தவறிப்போனா யார் பொறுப்பு?"

நாளோடிக்குச் சுருக்கென்றது. மாறிவிடலாமா? இந்த நிமிஷமே ஜனவரியை ஒன்று என்றால் இடம் அவளுக்குத்தான். ஆனால் பழைய நிரல்கள் பழக்க தோஷத்தில் ஒன்றைக் கூட்டும். அத்தனையும் ஒரு மாதம் தப்பிப்போகும். அவற்றை நட்டாற்றில் விட அவளுக்கு மனசு வரவில்லை.

விறுவிறுவென்று பொழுதியிடம் போனாள். "இந்தாடி, என் லீப் கணக்கு. முழுசா எடுத்துக்கோ."

"ஐயோ, அப்புறம் உள்ளே போறது நான்தானே! உனக்கு என்ன மிச்சம்?"

"வாயாடாதே. மணியன் நிக்கிறான் பார், பதில் சொல்லு!"

"மாதம் இரண்டு, தேதி இருபத்தொன்பது!" என்று பொழுதி கத்தினாள். கிடங்கின் கதவு படாரென்று திறந்தது. விசில் பறந்தது. பொழுதியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வெளியே நின்ற நாளோடிக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

பிப்ரவரி இருபத்தொன்பது காலை, ஓர் அம்மாவின் கைபேசியில் மணியன் கணகணவென்று அடித்தான். ஊசி ஏறியது. குழந்தை வீலென்று கத்தியது.

"ஒரு நாள்கூடப் பிந்தலை!" என்று கிடங்குக்கு வெளியே ஒருத்தி துள்ளிக் குதித்தாள்.