எனக்கு ஒரு யானை பாக்கி

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் மேஸ்திரி நஞ்சப்பன். மற்ற இரண்டு பேரும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். மஞ்சள் மண்டியில் அவனோடு மூட்டை தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவன் ஒரு முட்டாள். அவன் சொன்னதையெல்லாம் நம்பி நடந்தவன் நான். அப்படியென்றால் நான் யார் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி ராமாத்தாள் காட்டோர ஊரில் பிறந்தவள். சின்ன வயதிலேயே காட்டு யானையைப் பார்த்துவிட்டாள். நான் பார்த்ததில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று நான் வாய் திறந்தால் போதும், "ஏனுங், ஒரு காட்டானையைப் பாத்ததில்ல, உப்பப் பத்திப் பேச வந்துட்டீங்களாக்கும்" என்பாள். நான் உப்பில்லாத குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு யானையைப் பார்க்கவேண்டும், பிறகு வீட்டுக்கு வந்து தைரியமாக உப்பைப் பற்றிப் பேசவேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

கூழாம்பாறைச் சரணாலயத்தில் யானை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மண்டிக்கு விடுமுறை விட்ட நாளில் நான்கு பேர் கிளம்பினோம். நஞ்சப்பன், சென்னியப்பன், திம்மையன், நான். நான்கு பேருமே மூட்டை தூக்குகிறவர்கள். வெறும் கையோடு நடந்தால் எங்களுக்குக் கால் பின்னிக்கொள்ளும். அதனால் மண்டித் தள்ளுவண்டியையும் கூடவே எடுத்துக்கொண்டோம். மலைக்குப் போகிற லாரிக்காரர் ஒருவர் எங்களையும் வண்டியையும் காட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

வாசலில் ஒரு போர்டு. எங்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் திம்மையன் ஒருவன்தான். கோயிலில் நிற்பது போல நின்று படித்தான். ஆள் சீட்டு, வண்டிச் சீட்டு, கேமராச் சீட்டு, வருடச் சீட்டு.

"வருசச் சீட்டுத்தான் லாபம்" என்றான் சென்னியப்பன். "ஒருக்கா வாங்கிட்டா வருசம் பூராவும் உள்ளயே இருக்கலாம்."

நஞ்சப்பன் முகம் வாடிப்போனது. "பூராவுமா? அரிசி கொண்டாரலியேடா."

"தீவாளிக்குக்கூட வெளிய உடமாட்டாங்களா?" இதைக் கேட்டவன் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சீட்டு வாங்கிப்போட்டுப் பாதியில வந்தா வாங்கினதுக்கு மரியாதையா?" என்றான் திம்மையன். "அம்மாவாசைக்கு எங்கம்மாளுக்குப் படையல் வெக்கோணும். அத யாரு வெப்பா? என்னால முடியாது சாமி."

இப்படியே தீபாவளி, அமாவாசை, நஞ்சப்பன் மச்சினிச்சி கல்யாணம் எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த கார்க்காரர்கள் எல்லோரும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் ஆள் சீட்டே வாங்குவது என்று முடிவாகி ஜன்னலுக்குப் போனோம்.

"ஆள் சீட்டு தீந்து போச்சு. ஒரு நாளைக்கு இத்தனை பேருதான் உள்ள விடுவோம்" என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

"எப்பங்க தீந்துச்சு?"

"நீங்க தீபாவளியப் பத்திப் பேசிட்டு இருந்தப்ப. வண்டி இருக்கா?"

"இருக்குதுங்" என்றான் நஞ்சப்பன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. வண்டிச் சீட்டைக் கிழித்தார். "மூணு பேருதான். வண்டியிலயே உக்காந்து போகணும். உள்ள போனா யாரும் கீழ இறங்கக் கூடாது."

"நாலாவது ஆளுக்குங்?"

"கேமராச் சீட்டுதான் மிச்சம் இருக்கு. கேமரா வெச்சிருந்தா வாங்கிக்க."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேமரா எங்களிடம் இல்லை. நஞ்சப்பன் மூட்டைக்கு ஆள் பிரிப்பது போல நிதானமாகச் சொன்னான்.

"நாலாவது ஆளு கேமராவாப் போகட்டும். எனக்கு ஒரு கண்ணுல புரை. சென்னியப்பனுக்கு மாலைக்கண்ணு. திம்மையனுக்குக் கண்ணு சுத்தம், ஆனாப் பாத்தது நிக்காது. நேத்துப் பாத்த ஆளையே இன்னைக்கு யாருன்னு கேப்பான். ஆறுக்குட்டி, உன்ற கண்ணுதான் கண்ணு."

ஆறுக்குட்டி நான்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சீட்டை நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

மூன்று பேரும் தள்ளுவண்டியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வண்டி நகரவில்லை.

"தள்ள ஆளில்ல" என்று கண்டுபிடித்தான் சென்னியப்பன்.

"நாம இறங்கினாச் சீட்டு செல்லாது" என்றான் திம்மையன்.

நஞ்சப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "கேமரா இறங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே?"

சொல்லவில்லைதான். நான் தள்ளினேன்.

வாசல் காவலர் சின்ன வயசுக்காரர். எங்களையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கேமரா எங்க?" என்றார். மூன்று பேரும் கையை என் பக்கம் நீட்டினார்கள். நான் விறைப்பாக நின்றேன்.

அவர் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "முதல் மேட்டையே நீங்க தாண்டப்போறதில்ல, போங்க" என்று வழிவிட்டார். பிறகு எல்லோருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார்: "கேமரா உறைக்குள்ளயே இருக்கட்டும். யானை பக்கத்துல வந்தாத் திறக்கவே கூடாது. அசையவும் கூடாது."

மேடு எங்களுக்கு ஒரு பொருட்டா? மூட்டையோடு மச்சுப்படி ஏறுகிறவன் நான். ஆனால் உறைதான் சங்கடமாகிவிட்டது. வண்டியில் கிடந்த மஞ்சள் சாக்கு ஒன்றை என் தலையில் கவிழ்த்துக் கழுத்தில் சணலால் கட்டினார்கள்.

"டேய் நஞ்சப்பா, சாக்கப் போட்டா நான் எப்படிடா யானையப் பாப்பேன்?"

"தூரத்துல வந்தா அவுத்துடறேன். பக்கத்துல வந்தாத்தான் கூடாது. எம்பட குலசாமி மேல சத்தியம்."

நம்பினேன். சாக்குக்குள் மஞ்சள் தூள் மூக்கில் ஏறியது. தும்மினேன். "கேமரா தும்மாது" என்று மேலிருந்து அதட்டல் வந்தது.

வழியில் மானைக் கண்டால் சணலை அவிழ்ப்பார்கள். முடிச்சு அவிழ்வதற்குள் மான் போய்விடும். திரும்பவும் கட்டுவார்கள். நான் பார்த்ததெல்லாம் மான் நின்ற புல்தான். வளைவு வந்தால் "சோத்துக்கைப் பக்கம்", "பீச்சாங்கைப் பக்கம்" என்று மூன்று பேரும் மூன்று விதமாகக் கத்துவார்கள். அதனால் நாங்கள் பெரும்பாலும் புதர் வழியாகவே போனோம்.

திடீரென்று சென்னியப்பன் கத்தினான். "யானை!"

ராமாத்தாள் முகம் கண்முன் வந்தது. "தூரமா, பக்கமா? சீக்கிரம் சொல்லுங்கடா!"

"மண்டி வாசலுக்கும் எடை மேடைக்கும் எவ்வளவோ அவ்வளவு" என்றான் நஞ்சப்பன்.

"அப்பத் தூரம்" என்றேன்.

"மூட்டையோட நடந்தாத்தான் அது தூரம். சும்மா நடந்தாப் பக்கம்" என்றான் திம்மையன்.

"யானைகிட்ட மூட்டை இருக்குதா?"

"இல்ல. ஆனா அதும்பட உடம்பே மூட்டை மாதிரிதான இருக்குது."

"அப்பத் தூரம்னே வெச்சுக்கலாம். அவுத்துடு." நஞ்சப்பன் கை முடிச்சுக்கு வந்தது. உடனே போய்விட்டது. "ஆறுக்குட்டி, கோவிச்சுக்காத. இப்பப் பக்கம் வந்துருச்சு."

மூன்று பேரும் வண்டியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ என் தலைமேல் கை வைத்தார்கள். ஈரமான, கனமான கை. தடவிப் பார்த்தது. எனக்கு வந்ததே கோபம்! "சென்னியப்பா, விளையாடாதடா" என்று ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"நானில்ல" என்றது வண்டிமேலிருந்து சின்னக் குரல்.

அந்தக் கை சாக்கைப் பிடித்து ஒரே இழு இழுத்தது. சணல் அறுந்து, சாக்கு என் தலையைவிட்டுப் போனது. முகத்தில் வெயில் பட்டது. பச்சை மூங்கில் வாசத்தோடு சூடான மூச்சு அடித்தது. கண்ணைத் திறந்தால் யானை. அவ்வளவுதான் வேலை.

நான் இறுக மூடிக்கொண்டேன். உறை போனால் விதி போய்விடுமா? பக்கத்தில் வந்தால் திறக்கக் கூடாது என்று காவலர் என்னைப் பார்த்துத்தானே சொன்னார்?

மேலே மடை திறந்தது போல ஒரு தும்மல். மஞ்சள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நான் தலை முதல் கால் வரை நனைந்தேன். மரக்கிளைகள் முறிகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

"இனித் தொறக்கலாம்" என்றான் நஞ்சப்பன்.

திறந்தேன். ஆவி பறக்கும் லத்தி தெரிந்தது. என் சாக்கு ஓர் உச்சிக் கிளையில் தொங்கியது.

வீட்டுக்குப் போனதும் ராமாத்தாள் கேட்டாள். "பாத்தீங்ளா?"

"பாக்கல. ஒரு அறை விட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு போட்டாள். "குழம்புல உப்பு எப்படிங்?"

உப்பு போடவே இல்லை. "சரியா இருக்குது" என்று சாப்பிட்டேன்.

இப்போது மண்டியில் தினமும் வழக்கு. "எனக்குச் சேரவேண்டிய யானை எங்கடா?" என்று நான் கேட்பேன். "நீ எடுத்த படம் எங்கடா? மண்டிச் செவுத்துல மாட்ட ஆணியே அடிச்சாச்சு" என்று அவர்கள் கேட்பார்கள்.

போன வாரம் நஞ்சப்பன் இறங்கி வந்தான். "சரி, வழக்கு வேண்டாம். அடுத்த லீவுக்கு நீ வண்டியில ஏறி உக்காந்து யானையப் பாரு. நான் கேமராவா வாரேன். கணக்குத் தீந்துச்சு."

வெகுநேரம் யோசித்தேன். அவனுக்கோ ஒரு கண்ணில் புரை. படம் மங்கலாக விழுந்தால் ராமாத்தாள் நம்புவாளா?

முடியாது என்று சொல்லிவிட்டேன். யானை இன்னும் பாக்கிதான்.