கொல்லைக் கதவுச் சாவி

தென்காசியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஆவுடையப்பர் யாரையும் நம்பமாட்டார். கடைச் சாவியெல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். ஒருநாள் இலை கழுவும் தாணுவைக் கூப்பிட்டார்.

"வாழை இலைக்கார இசக்கியம்மா விலையைக் குறைக்கணும். முடியலைன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"குறைச்சிரலாம் மொதலாளி. கொல்லைக் கதவுச் சாவியை மட்டும் கொடுங்க."

அரை மனதோடு அவர் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். மறுவாரமே விலை இறங்கியது. இலையும் வாடாமல் வந்தது.

"அவளை எப்படிடா மடக்குனே?"

"மடக்கலை மொதலாளி. தினமும் விடியுமுன்ன கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். முன்னெல்லாம் நீங்க எந்திரிச்சு வந்து திறக்கிறவரைக்கும் அந்தம்மா வெயில்ல நிப்பாங்க. மத்த கடைக்குப் போக நேரமாயி அந்த வியாபாரம் போயிரும். அந்த நட்டத்தையும் நம்ம விலையிலதான் ஏத்துனாங்க. இலைக்கில்லை, உங்க தூக்கத்துக்குத்தான் இத்தனை நாளும் கூடுதலாக் கொடுத்தோம்."

ஆவுடையப்பரின் கை இடுப்பைத் தடவியது. ஆனால் சாவியை அவர் திருப்பிக் கேட்கவில்லை.