நாற்பதாவது ஆள்

அந்தக் காலத்தில் சுறா பேசும். பேசியதோடு நிற்காமல், சொன்ன சொல்லையும் காப்பாற்றும். இப்போது சொன்னால் யார் நம்புகிறார்கள்!

முத்துக் குளிக்கிற கரையில் சடையன் என்றொரு கடல்கட்டி இருந்தான். சுறாவின் வாயைக் கட்டுவதுதான் கடல்கட்டியின் வேலை. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. விடிந்ததும் தண்ணீரில் கை வைத்து, இன்றைக்கு இறங்குகிறவர்கள் நாற்பது பேர், எல்லாரும் என் ஆட்கள் என்பான். சுறா ஒதுங்கிக்கொள்ளும். நாற்பது பேரும் முழு உடம்போடு கரையேறுவார்கள்.

அந்த நாற்பதில் அவன் தம்பி மாசானமும் ஒருவன். முதலாளி வீட்டில் அவனுக்கு எட்ட நின்று கையில்தான் கஞ்சி ஊற்றுவார்கள். முத்து வாங்கக் கப்பலில் வந்த அரபு வியாபாரிகளோ, ஒருநாள் தங்களோடு உட்காரச் சொன்னார்கள். ஒரே தட்டு, எல்லார் கையும் அதில். அவனும் அதில் கை வைத்துச் சாப்பிட்டான். இரண்டே மாதத்தில் இஸ்லாத்தில் சேர்ந்து உதுமான் ஆனான்.

ஊரார் சாடைமாடையாகப் பேசினார்கள். சடையனுக்குத் தலைகாட்ட முடியவில்லை. தம்பியிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான்.

"நான் கும்பிடுகிற திசைதான் அண்ணே மாறியிருக்கிறது. நான் உன் தம்பிதானே," என்றான் உதுமான்.

மறுநாள் சடையன் தண்ணீரில் கை வைத்து, முப்பத்தொன்பது பேர் என்றான். சுறா விடவில்லை.

"நாற்பது தலை தெரிகிறதே. அந்த ஓரத்தில் இறங்குகிறவன் யார்?"

"எனக்குத் தெரியாது."

பாவி, கொஞ்சம் பயமுறுத்தினால் தம்பி வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான் என்று நினைத்துவிட்டான். சுறாவுக்குப் பயமுறுத்தவா தெரியும்?

உதுமானின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைத் தோணியில் இருந்தவர்கள் இழுத்தபோது ஆள் வந்தான், உயிர் வரவில்லை. வியாபாரிகள் அவனைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றினார்கள். சொந்தக்காரர் யாராவது இருந்தால் வந்து முகம் பார்க்கட்டும் என்றார்கள். சடையன் கூட்டத்தில்தான் நின்றான். ஊரார் பார்க்கிறார்களே என்று அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன மனிதன்!

அடக்கம் முடிந்த பிறகு கடலில் இறங்கி, அவன் என் கூடப் பிறந்தவன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"காலையில் கேட்டேனே," என்றது சுறா. "கூடப் பிறந்தவனையே தெரியாது என்றவன், இனி யாரைத் தெரியும் என்றால்தான் நான் நம்புவேன்? உங்களிடம் கேட்டதெல்லாம் போதும்."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அன்று முதல்தான், தண்ணீரில் இறங்கியவன் யார், எவர் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமலே சுறா கடிக்கிறது.