குச்சிக்கால் பாட்டு

ஒரு காட்டில், குளத்தங்கரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. தரையிலேயே முட்டையிடும் பறவை அல்லவா, அதன் கண் எப்போதும் புதர்ப் பக்கமே இருக்கும். பூனையோ நரியோ வந்தால் உரக்கக் கத்தும். தண்ணீர் குடிக்க வந்த எல்லோரும் ஓடித் தப்பிவிடுவார்கள்.

அதே கரையில் இருந்த மைனாவுக்கு நல்ல குரல், அதைவிடப் பெரிய வாய். ஒருநாள் அது ஒரு பாட்டுக் கட்டியது.

"குச்சிக்காலு ஆள்காட்டி
கொட்டக் கொட்ட முழிக்குது!
பச்சை இலை விழுந்தாலும்
பயந்து பயந்து கத்துது!"

மெட்டு வெல்லப்பாகு போல நாக்கில் ஒட்டிக்கொண்டது. அணில்கள் ஆடின. குரங்குகள் தாளம் போட்டன.

முயலுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "நம்மைக் காப்பாற்றுகிறவளை இப்படிப் பாடலாமா?" என்று கேட்டது.

"பாட்டைப் பாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதா உனக்கு?" என்றது மைனா.

காடே இரண்டு பட்டுச் சண்டை போட்டது. சண்டை முடிந்து வீட்டுக்குப் போகும்போது முயலும் தன்னை அறியாமல் அந்த மெட்டைத்தான் முணுமுணுத்தது.

நாளாக நாளாக இன்னொரு வழக்கமும் வந்தது. ஆள்காட்டி வாயைத் திறந்தாலே போதும், எல்லோரும் சேர்ந்து பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு மாலை, மைனாவின் குஞ்சு பறந்து பழகத் தரையில் இறங்கியிருந்தது. புல்லுக்குள் ஒரு காட்டுப்பூனை வயிற்றைத் தரையோடு தரையாக வைத்து ஊர்ந்து வந்தது.

ஆள்காட்டி பார்த்துவிட்டுக் கத்தியது.

"குச்சிக்காலு ஆள்காட்டி..." என்று கரை முழுவதும் பாடியது. குஞ்சுதான் எல்லோரையும்விட உரக்கப் பாடியது. கிளையில் இருந்த மைனா பெருமையோடு தலையை ஆட்டியது.

ஆள்காட்டி இன்னும் பலமாகக் கத்தியது. பாட்டும் பலமானது. பூனை இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

'பாடிக்கொண்டே கிடக்கட்டும்' என்று ஆள்காட்டிக்குக் கோபம் வந்தது. ஆனால் குஞ்சைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அது கத்துவதை நிறுத்தியது. தன் கரகரத்த குரலில், மெட்டே இல்லாமல் பாடத் தொடங்கியது.

"குச்சிக்காலு ஆள்காட்டி, கொட்டக் கொட்ட முழிக்குது..."

எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். யாரைக் கேலி செய்தார்களோ, அவளே பாடுகிறாளே.

ஆள்காட்டி சட்டென்று பாட்டை நிறுத்தியது. அந்த அமைதியில் காய்ந்த சருகு ஒன்று 'சரக்' என்று நொறுங்கியது. எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஐயோ, பூனை! மேலே வா கண்ணு!" என்று அலறியது மைனா.

குஞ்சு படபடவென்று சிறகடித்துத் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்தது. பாய்ந்த பூனைக்கு ஒரு வால் இறகுதான் கிடைத்தது. அதைத் துப்பிவிட்டுப் போய்விட்டது.

மைனா குஞ்சைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. அப்பாடா, பிள்ளை பிழைத்தது என்று கரையே மூச்சு விட்டது.

"அக்கா, நான் செய்தது தப்பு. உங்களைப் புகழ்ந்து ஒரு புதுப் பாட்டுக் கட்டுகிறேன்" என்றது மைனா.

"பாட்டெல்லாம் வேண்டாம் தங்கச்சி," என்றது ஆள்காட்டி. "நான் கத்தும்போது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு, அது போதும்."

நீதி: காக்கும் குரலைக் கேலி செய்து அடக்கினால், ஆபத்து வரும்போது அது நம் காதில் விழாது.