கட்டம் கட்டமாய் வந்த மெமோ

நகராட்சி டைப்பிஸ்ட் செண்பகவடிவு அனுப்பிய வாக்காளர் பட்டியல், ஆணையர் ஆடியபாதத்தின் புதுக் கம்ப்யூட்டரில் வெறும் இங்கிலீஷ் குப்பையாகக் கொட்டியது. மனுஷன் அவளைக் கூப்பிட்டுத் தாம்தூம் என்று குதித்தார்.

"இருநூறு பக்கத்தையும் நாலு மணிக்குள்ள திரும்ப அடி! குப்பை அடிக்கிறவங்களுக்கு இங்க வேலை இல்லை!"

சொன்னதோடு விடவில்லை. அதையே மெமோவாகத் தன் கையாலேயே அடித்து அனுப்பினார்.

செண்பகவடிவின் பழைய கம்ப்யூட்டரில் அந்த மெமோ வரிக்கு வரி வெறும் கட்டமாகத் திறந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்கு நடந்தாள்.

"சார், இந்தக் குப்பையை அடிச்சவருக்கும் வேலை இல்லைதானே?"

ஆணையர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சரியாத்தானேம்மா அடிச்சேன்?"

"நானும்தான் சார். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர்தான் தெரியும். என் மெஷின்ல பழைய நம்பர், உங்க மெஷின்ல புது நம்பர்."

அந்தப் பழைய நம்பர்களை எழுத்தாகக் காட்டும் ஃபான்ட்டை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, பட்டியலை அதற்கு மாற்றினாள். ஓர் எழுத்தைக்கூடத் திரும்ப அடிக்காமல் இருநூறு பக்கமும் தமிழானது.

"மெமோவையும் படிக்கிற மாதிரி மாத்திடட்டுங்களா சார்?"

"வேண்டாம்மா," என்றார் ஆணையர் அவசரமாக. "அது கட்டமாவே இருக்கட்டும்."